உண்ணிக் காய்ச்சலும் ஒரு தூரத்துச் சொந்தமும்

மழைக்காலம் வந்து புதர் மண்டிவிட்டால் புதுச்சேரி மருத்துவமனைகளில் உண்ணிக் காய்ச்சல் தலைகாட்டும். கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்கு விழுப்புரம், கடலூர் பக்கமிருந்தும் நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அக்குள், தொடையிடுக்கு என்று மறைவான இடங்களில் டாக்டர் தேடுவது ஒரு கறுப்புப் பொருக்கை. சிகரெட்டால் சுட்டதுபோல இருக்கும். வலிக்காது என்பதால் பல நோயாளிகளுக்கே அது தெரியாது. புதரிலுள்ள நுண்ணிய உண்ணிக் குஞ்சு கடித்த இடம் அது. அந்த வழியாகப் புகுந்த கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. சீக்கிரமே டாக்சிசைக்ளின் கொடுத்தால் காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் இறங்கிவிடும். தாமதமானால், தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்ப்பே எல்லைமீறி உறுப்புகளைத் தாக்கும் செப்சிஸாக முற்றி, நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாக முடங்கும்.

அப்படி முடங்குவது ஏன் என்பது நெடுநாள் புதிர். வென்டிலேட்டர் ஆக்சிஜன் தருகிறது, மருந்து ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்துகிறது, ஆனாலும் உறுப்பு வேலை செய்வதில்லை. செப்சிஸில் இறந்தவர்களின் உறுப்புகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், செத்த செல்கள் எதிர்பார்த்த அளவுக்கு இருக்காது. 2002-ல் லண்டனில் மெர்வின் சிங்கரின் குழு, செப்சிஸ் முற்றிய 28 பேரின் தசையில் துணுக்கு எடுத்துச் சோதித்தது. பிழைக்காமல் போனவர்களின் தசையில், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி. குறைந்திருந்தது. ஆக்சிஜன் வந்தும் அதைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகிக் கிடந்தது.

தினமும் தசையை வெட்டிப் பார்க்க முடியாது. ஆனால் உடைந்த மைட்டோகாண்ட்ரியா ரத்தத்தில் சிந்துகிறது. பாஸ்டனில் கார்ல் ஹவுசரின் குழு 2010-ல் விபத்தில் அடிபட்டவர்களின் ரத்தத்தில் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. ஏராளமாக இருப்பதைக் கண்டது. வெள்ளையணுக்கள் அந்தச் சிதறலைப் பாக்டீரியா என்றே எண்ணிப் பாய்ந்தன. முழுத் தவறென்றும் சொல்ல முடியாது. 16,569 எழுத்துகள் கொண்ட அந்த டி.என்.ஏ. பாக்டீரியாவுக்கு இருப்பதுபோல வட்டமானது. அதன் புரதங்களும் பாக்டீரியாப் புரதம்போலவே ஃபார்மைல் மெத்தியோனினில் தொடங்குகின்றன. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஒரு செல்லுக்குள் குடியேறிய பாக்டீரியாவின் வாரிசு அது.

எனக்கு இதில் பிடித்த செய்தி வேறொன்று. 1998-ல் டைபஸ் கிருமியான ரிக்கெட்சியாவின் மரபணுத் தொகுப்பைப் படித்தவர்கள், மைட்டோகாண்ட்ரியாவின் நெருங்கிய உறவு இதுதான் என்றார்கள். எவ்வளவு நெருக்கம் என்பதில் பிறகு சர்ச்சை வந்தது. தூரத்துச் சொந்தம் என்பதை யாரும் மறுக்கவில்லை. நம்மூர் உண்ணிக் காய்ச்சல் கிருமியும் அந்த ரிக்கெட்சியா குடும்பம்தான்.

2013-ல் ஐ.சி.யு. நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ரத்தத்தில் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. மிகுந்திருந்தவர்களிடையே இறப்பும் மிகுந்திருந்தது. ஆனாலும் வார்டில் இன்றைக்கும் நம்புவது, மைட்டோகாண்ட்ரியா முடங்கினால் ரத்தத்தில் சேரும் லாக்டேட்டைத்தான். ரத்தம் எடுத்த சில நிமிடங்களில் எண் வந்துவிடும்; லிட்டருக்கு 2 மில்லிமோலைத் தாண்டினால் டாக்டர் உஷாராகிவிடுவார். மைட்டோகாண்ட்ரியா நன்றாக இருக்கும்போதும் லாக்டேட் ஏறலாம் என்பது அதன் குறை: அட்ரினலின் ஏற்றினாலும் ஏறும், கல்லீரல் தளர்ந்தாலும் ஏறும்.

டி.என்.ஏ. பரிசோதனைக்கோ தட்டணுக்களே தலைவலி. அவற்றுக்கு உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா உண்டு. குழாயில் ரத்தம் கொஞ்ச நேரம் கிடந்தாலோ, சரியான வேகத்தில் சுழற்றிப் பிரிக்காவிட்டாலோ அவை உடைந்து தங்கள் டி.என்.ஏ.வையும் கலந்துவிடும். ஒரே நோயாளியின் ரத்தம் இரண்டு லேபில் இரண்டு எண் காட்டும். எல்லோரும் ஒரே மாதிரி சுழற்றும்வரை, எந்த எண்ணுக்கு மேல் ஆபத்து என்று கோடு போட முடியாது.