உறைமோரும் இதயத்தின் மேலறையும்

இரவு பாலில் உறை ஊற்றி மேடையோரம் வைத்த பாத்திரத்தை யாரும் தொடக் கூடாது. ஆட்டிக்கொண்டே இருந்தால் தயிர் கெட்டியாக நிற்காது. பால் தோய மூன்று வேண்டும்: உறைமோர், நேரம், அசையாத இடம். இதயத் துடிப்பின் தாளம் தப்பியவர்களுக்கு உள்ளே ரத்தம் கட்டுவதும் இந்த மூன்றும் கூடும்போதுதான்.

மருத்துவச் சீட்டில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று எழுதுவார்கள், சுருக்கமாக ஏ.எஃப். மேலறைகளில் நிமிடத்துக்கு 350க்கும் மேற்பட்ட மின்துடிப்புகள் தாறுமாறாக ஓடும். அதனால் அவை சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும். கீழறைகள் ஓரளவு சமாளித்துவிடுவதால் ஆள் நடப்பார், வேலைக்குப் போவார். பலருக்குப் படபடப்புகூட இருக்காது. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் மேல் மூன்று விரல்களை வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். இரண்டு துடிப்பு அடுத்தடுத்து வரும், பிறகு ஒரு இடைவெளி, பிறகு பலவீனமாய் ஒன்று. எந்த ஒழுங்கும் பிடிபடவில்லை என்றால் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுவது நல்லது.

நடுங்கும் இடது மேலறையின் ஓரத்தில் ஒரு சின்னப் பை உண்டு. ரத்தம் அதில்தான் தேங்கும். வால்வுக் கோளாறு இல்லாத ஏ.எஃப். நோயாளிகளிடம் இடது மேலறையில் காணப்படும் ரத்தக்கட்டிகளில் பத்தில் ஒன்பது அந்தப் பையில்தான் இருந்திருக்கின்றன. உறைமோரை யாரும் புதிதாக ஊற்ற வேண்டியதில்லை. காயம் பட்டால் ரத்தம் நிற்க வேண்டும் என்பதற்காகக் கல்லீரல் அதைத் தினமும் தயாரித்து ரத்தத்தில் கலந்தே வைத்திருக்கிறது. அசையாத இடம் கிடைத்ததும் அது தன் வேலையைச் செய்கிறது. அங்கே உருவான கட்டி பெயர்ந்தால் கீழறை, பெருந்தமனி, கழுத்து நாளம் வழியாக மூளைக்குப் போய் அடைக்கும். அதுதான் பக்கவாதம். அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வு 1991இல் சொன்ன கணக்குப்படி, ஏ.எஃப். உள்ளவருக்கு இந்த ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு. வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், ஏற்கெனவே வந்த பக்கவாதம் எல்லாம் சேரச் சேர அது இன்னும் ஏறும்.

இதற்குத் தரும் மாத்திரையை ஊரில் ‘ரத்தம் மெலிசாகிற மாத்திரை’ என்கிறோம். கேட்டவுடன் ரத்தம் தண்ணீராகிவிடும், உடம்பு பலவீனமாகும் என்று பயப்படுகிறார்கள். பாதிப் பேர் அட்டையை மூடி வைப்பது இந்தப் பயத்தில்தான் என்பேன். அந்த மாத்திரை பாலில் தண்ணீர் ஊற்றுவதில்லை. பால் அதே பால். உறைமோரின் வீரியம் மட்டும் குறைகிறது. அசிட்ராம், வார்ஃபரின் இரண்டும் வைட்டமின் கே-யை மறித்து, கல்லீரல் தயாரிக்கும் உறைபொருள்களை வலுவிழக்கச் செய்கின்றன. ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை, தோய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை அளப்பது. மாத்திரை சாப்பிடாதவருக்கு அது 1. ஏ.எஃப். நோயாளிக்கு 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். கீழே போனால் கட்டி, மேலே ஏறினால் ரத்தக்கசிவு.

முருங்கைக்கீரையிலும் பசலையிலும் வைட்டமின் கே நிறைய. அதற்காகக் கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். ஆடி மாதம் முழுக்கக் கூழும் கீரையுமாகச் சாப்பிட்டுவிட்டு ஆவணியில் அறவே நிறுத்தினால் ஐ.என்.ஆர். தள்ளாடும்.

டாபிகாட்ரான், ரிவரோக்சபன், அபிக்சபன் ஆகிய புதிய மாத்திரைகள் வேறு வழியில் போகின்றன. உறைமோர் முழு வீரியத்தோடு இருக்கும். ஆனால் மாத்திரை ரத்தத்தில் இருக்கும்வரை அதை வேலை செய்ய விடாது. கீரைக் கணக்கு இல்லை, மாதாமாதம் ரத்தம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ரத்தத்தில் இருக்கும்வரைதான் வேலை என்பதே இவற்றின் பலவீனமும். அபிக்சபனின் பலம் சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும். இரண்டு வேளை விட்டவரின் ரத்தம் ஏறக்குறைய மாத்திரை சாப்பிடாதவரின் ரத்தம்தான். வார்ஃபரின் என்றால் விட்ட பிறகும் சில நாள் தாக்குப்பிடிக்கும். புதிய மாத்திரையில் அந்தச் சலுகை இல்லை. தோய்ந்த தயிரை மறுபடி பாலாக்க முடியாது. நேற்று விட்டதற்கு இன்று இரண்டாகப் போட்டால் கட்டி கரையப் போவதில்லை, ரத்தக்கசிவுதான் கூடும். நினைவு வந்ததும் அன்றைக்குள் ஒரு மாத்திரை, பிறகு வழக்கமான நேரம். அபிக்சபனுக்கு அவ்வளவுதான் விதி.

ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் இந்த ஒழுங்கைக் கெடுப்பது அலட்சியம் மட்டும் அல்ல, ஷிப்டும்தான். தேர்வாய் கண்டிகை சிப்காட்டுக்கோ கும்மிடிப்பூண்டிக்கோ கம்பெனி பஸ்ஸில் போகிறவருக்குக் காலை 8, இரவு 8 என்று எழுதிக் கொடுத்தால், ஏ ஷிப்ட் வாரம் காலை மாத்திரை மெஷினருகே, பி ஷிப்ட் வாரம் இரவு மாத்திரை மெஷினருகே. அட்டையோ வீட்டு அலமாரியில். ‘என்ன ஷிப்ட்?’ என்று கேட்காமல் இரண்டு வேளை மாத்திரை எழுதுவது பாதி வைத்தியம்தான். ஒரு அட்டை வீட்டில், இன்னொன்று சாப்பாட்டுப் பையில், போனில் அலாரம் என்று வைத்துக்கொள்ளலாம். தூங்கி எழும் நேரம் மாறினாலும் மாத்திரையின் கடிகாரம் மாறக் கூடாது. டாபிகாட்ரானை மட்டும் அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட வேண்டாம்; ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும். ரிவரோக்சபன் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடு போட்டால்தான் முழுதாக உடம்பில் சேரும். கிருத்திகை விரதம் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பரிசோதனைத் தொல்லை இல்லை என்று கேள்விப்பட்டு எல்லோரும் புதிய மாத்திரைக்குத் தாவவும் முடியாது. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏ.எஃப். வந்தால் ஆபத்து ஐந்து மடங்கு அல்ல, 17 மடங்கு என்கிறது அதே ஃப்ராமிங்ஹாம் ஆய்வு. இவர்களைப் போன்ற 4,500க்கும் மேற்பட்டவர்களை 24 நாடுகளில் சேர்த்து நடந்த இன்விக்டஸ் ஆய்வின் முடிவு 2022 ஆகஸ்டில் வந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் அப்போது டெல்லி எய்ம்ஸில் இருந்த இதயநோய் மருத்துவர் கணேசன் கார்த்திகேயன். ரிவரோக்சபன் சாப்பிட்டவர்களைவிட வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிட்டவர்களிடம் மரணம் குறைவு, ரத்தக்கசிவும் குறிப்பிடும்படி கூடவில்லை. உலோக வால்வு பொருத்தியவர்களிடம் டாபிகாட்ரானைச் சோதித்த ஆய்வை, கட்டி, ரத்தக்கசிவு இரண்டுமே அதிகமானதால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இவர்களுக்கெல்லாம் பழைய மாத்திரையும் ஐ.என்.ஆர். நோட்டும்தான்.

அந்த நோட்டுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு திருவள்ளூருக்கோ, பெரியபாளையம், செங்குன்றம் தாண்டிச் சென்னைக்கோ பஸ் ஏற வேண்டியிருப்பவர்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், ரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், அங்கேயே ஐ.என்.ஆர். காட்டும் கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. வீட்டு வாசலுக்கு வரும் மருந்துப் பையில் இதற்கும் இடம் கொடுக்க வேண்டும்.

சிலர் ஆஸ்பிரின் போடுகிறேன், அது போதாதா என்கிறார்கள். போதாது. 2011இல் வந்த அவெரோஸ் ஆய்வு 5,599 பேரிடம் ஆஸ்பிரினையும் அபிக்சபனையும் ஒப்பிட்டது. அபிக்சபன் பக்கவாதத்தைப் பாதிக்கும் மேல் குறைத்ததால் ஆய்வை முன்கூட்டியே முடித்துவிட்டார்கள். பெரிய ரத்தக்கசிவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முட்டிவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்லோஃபினாக், ரத்தம் உறைவதைத் தடுக்கும் இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். பல் பிடுங்க வேண்டுமானால் நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். நிறுத்துவதா, எத்தனை வேளை என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவர் சொல்லட்டும். மலம் கறுப்பாகப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ அன்றே மருத்துவமனை.

வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க வராமல் தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ 108ஐக் கூப்பிட்டு, அது தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அதைப் போடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க மருத்துவமனையில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, கடைசி மாத்திரை எப்போது போட்டார் என்பது. அட்டையையும் ஐ.என்.ஆர். நோட்டையும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறுங்கள்.