சாரல் காற்றில் பழைய கணினிகளைக் காத்தல்

உற்பத்தி நின்றுபோய், பழுதுபார்க்க ஆளும் அரிதாகிவிட்ட கணினிகளைத் திருத்தி மறுபடியும் ஓட வைப்பது பல நாடுகளில் வேரூன்றிய பொழுதுபோக்கு. 1970களின் பிற்பகுதியிலிருந்து 1990களின் நடுப்பகுதிவரை வெளிவந்த சிறு கணினிகளே இதில் பெரும்பாலும் இடம்பெறுகின்றன. அவற்றின் உறுப்புகள் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கும். பல சில்லுகள் சாக்கெட்டில் செருகப்பட்டிருக்கும். மல்டிமீட்டரும் சால்டரிங் அயனும் பழகியவர் வீட்டு மேசையிலேயே வேலையை முடிக்கலாம். தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையில் 2011 முதல் மென்பொருள் நிறுவனமான சோஹோவின் அலுவலகம் இயங்குவதால், இந்த வட்டாரத்தில் கணினித் தொழில் அறிந்த குடும்பங்களுக்குக் குறைவில்லை. ஆனால் குற்றாலத்துச் சாரல் கொண்டுவரும் ஈரம் பழைய கணினிக்குப் பகை. எனவே இங்கே இந்தப் பொழுதுபோக்கைப் பருவம் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

இந்தியாவின் சிறு கணினி வரலாறு 1970களில் தொடங்குகிறது. 1976இல் உருவான எச்.சி.எல். நிறுவனம் 1978இல் தன் முதல் சிறு கணினியை வெளியிட்டது. 1984இல் நடுவண் அரசு பள்ளிகளுக்குக் கணினிக் கல்வியைக் கொண்டுவந்தபோது, இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் வடிவமைத்த பிபிசி மைக்ரோ நம் வகுப்பறைகளுக்குள் நுழைந்தது. அதன் நினைவகம் 32 கிலோபைட். வேகம் 2 மெகாஹெர்ட்ஸ். 1986இல் புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கணினியை உரிமம் பெற்று இங்கேயே தயாரித்தது. சென்னையின் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் ‘சிவா பிசி’ என்ற பெயரில் குறைந்த விலைக் கணினிகளை விற்றது. பிறகு ஐபிஎம் வகைக் கணினிகள் சந்தையை நிறைத்தன. இத்தகைய இயந்திரங்கள் இன்று பள்ளிகளின் சாமான் அறைகளிலும், மூடப்பட்ட டைப்ரைட்டிங் நிலையங்களிலும், பழைய இரும்புக் கடைகளிலும் கிடக்க வாய்ப்பு உண்டு.

இவற்றை ஓடும் நிலையில் காப்பதற்குத் தமிழருக்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருளும், கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துருவும் கணினியில் தமிழ் எழுதிய முதல் தலைமுறையின் கருவிகள். ஒவ்வொரு மென்பொருளும் தமிழ் எழுத்துகளுக்குத் தனக்கென ஒரு குறியீட்டைக் கையாண்டது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகே டாம், டாப் குறியீடுகள் தமிழ்நாட்டின் தரமாயின. யூனிகோடு பரவியது அதற்கும் பின்னர். முந்தைய கோப்புகளை இன்றைய கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். அவற்றைப் படிக்க அக்காலத்து எழுத்துருவும் மென்பொருளும் வேண்டும்; பிளாப்பியிலேயே நின்றுபோன எழுத்தை எடுக்க ஓடும் டிரைவும் வேண்டும்.

பழைய கணினி எங்கே கெடும் என்பது பெரும்பாலும் முன்பே தெரிந்ததுதான். 286, 386 வகை மதர்போர்டுகளில் கடிகாரத்துக்காக வைத்த நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து, செம்புக் கோடுகளை அரித்துவிடும். பேட்டரியை வெட்டி எடுத்து, கசிந்த இடத்தை வினிகரால் துடைத்து, பின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி நன்றாக உலரவிட வேண்டும். பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளையில் உள்ள காகிதக் கண்டென்சர்கள் மேலுறை விரிசல்விட்டு ஈரத்தை உறிஞ்சும். அப்படியே மின்சாரம் கொடுத்தால் புகைந்து வெடிக்கலாம். ஸ்பெக்ட்ரமில் நினைவகச் சில்லுகளும் விசைப்பலகையின் பிளாஸ்டிக் தாளும் முதலில் போகும். பிளாப்பியில் பூஞ்சை பிடித்திருந்தால் அதை டிரைவில் போடவே கூடாது. பூஞ்சை டிரைவின் தலையில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல பிளாப்பிகளையும் கெடுத்துவிடும்.

கிடைத்த கணினியை உடனே பிளக்கில் செருகிப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. முதலில் மூடியைத் திறந்து பேட்டரியை அகற்றி, கண்டென்சர்களைச் சோதித்து, சந்தேகப்பட்டவற்றை மாற்ற வேண்டும். பிறகு மின் இணைப்பில் ஒரு குண்டு பல்பைத் தொடராகச் சேர்க்க வேண்டும்; மெக்கானிக்குகள் இதைச் சீரிஸ் பல்பு என்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், கணினி தப்பிக்கும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த கணினி 110 வோல்ட்டுக்கானது என்றால், நம் 230 வோல்ட்டில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இன்றி அதை இணைக்கக் கூடாது. உதிரிப்பாகங்களுக்குச் சென்னை ரிச்சி தெருவை நாடலாம்.

தென்காசியில் ஆண்டின் போக்கே வேலையைப் பங்கிட்டுத் தருகிறது. மார்ச் முதல் மே வரையிலான வெயில், கழுவிய போர்டுகளை உலர்த்தவும் மஞ்சளித்த மேலுறையை வெளுக்கவும் ஏற்றது. பிளாஸ்டிக் மஞ்சளிப்பதற்கு, தீத்தடுப்புக்காக அதில் சேர்க்கப்பட்ட புரோமின் சேர்மங்களும் வெயிலும் காரணம் என்று சொல்லப்படுகிறது. ஆனால் ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி அதே வெயிலில் வைத்தால் பழைய நிறம் பெரிதும் திரும்பும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலம். அப்போது போர்டுகளைத் திறந்து வைக்காமல், கோப்புகளைப் படியெடுப்பதும் கையேடுகளைப் படிப்பதும் நல்லது. பிளாப்பிகளையும் சில்லுகளையும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வைக்க வேண்டும். பிளாப்பியில் போலவே, பறவை பார்ப்பவரின் பைனாகுலர் கண்ணாடியிலும் ஈரத்தால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே ஒரே டப்பா இரண்டுக்கும் உதவும்.

குடும்பத்தில் பறவை பார்க்கும் பழக்கமும் இருந்தால், அதுவும் இந்த ஒழுங்குக்குள் எளிதாக அமைகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடையோரங்களில் சீகாரப் பூங்குருவி விடியலில் சீட்டியடிக்கும். மழைக்குப் பின் குளங்கள் நிறைந்ததும் வலசைப் பறவைகள் வந்து சேரும். 2011 முதல் ஏட்ரீ நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் நடத்தும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பிலும், 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் குடும்பத்தோடு சேரலாம். பறவைகளுக்கு அதிகாலை, கணினிக்கு இரவு உணவுக்குப் பிந்தைய ஒரு மணி நேரம் என்று வகுத்துக்கொண்டால் இரண்டும் மோதா.

வீட்டுக்குள் கணினி வருவதற்கு முன் இரண்டு முடிவுகளைக் குடும்பமாக எடுப்பது நல்லது: எவ்வளவு இடம், மாதம் எவ்வளவு பணம். ஒரு பீரோ என்று முடிவானால், புதிய கணினி வரும்போது பழையது ஒன்று வேறொருவர் கைக்குப் போக வேண்டும். பிள்ளைகள் விசைகளைக் கழற்றிக் கழுவலாம், பேசிக் மொழியில் சிறு நிரல் எழுதலாம், செய்த வேலையை நோட்டில் குறிக்கலாம். பவர் சப்ளையையும் மானிட்டரின் உட்புறத்தையும் அவர்கள் தொடக் கூடாது; பிக்சர் டியூபில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் அணைத்த பின்னும் தங்கியிருக்கும். பழைய சால்டரில் ஈயம் உண்டு. ஜன்னலைத் திறந்து வேலை செய்து, முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

திருத்த முடியாததைக் குப்பையில் போடக் கூடாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே அது சேர வேண்டும். ஆனால் அதற்கு முன், உங்கள் வீட்டுப் பரணிலோ ஊர்ப் பள்ளியின் சாமான் அறையிலோ ஒரு பழைய கணினி இருந்தால் அதன் பேட்டரியை மட்டும் இன்றே எடுத்துவிடுங்கள். மற்றதைத் திருத்தப் பின்னால் நேரம் கிடைக்கும். அரித்துப்போன போர்டை மீட்பது கடினம்.