எந்த இலை மஞ்சளாகிறது?

சங்கரன்கோவில், குருவிகுளம் வட்டாரக் கரிசல் காடுகளில் புரட்டாசிப் பட்டத்து மக்காச்சோளம் பெரும்பாலும் மானாவாரிதான். ஐப்பசி மழைக்குப் பின் பயிர் மஞ்சளடித்தால் உடனே யூரியா வாங்க ஓடுகிறோம். முதலில் பார்க்க வேண்டியது, மஞ்சளானது எந்த இலை என்பதை.

இலைக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நடுவே ஒரு மெக்னீசிய அணு, சுற்றிலும் 4 நைட்ரஜன் அணுக்கள். நைட்ரஜன் எனும் தழைச்சத்து போதாதபோது பயிர் அடி இலைகளில் இருப்பதை எடுத்து இளம் இலைகளுக்கு அனுப்புகிறது. எனவே அடி இலையின் நுனியில் தொடங்கும் மஞ்சள், நடுநரம்பையொட்டிக் கவட்டை வடிவில் இறங்கும். மெக்னீசியம் குறைந்தாலும் அடி இலைதான் வெளுக்கும். ஆனால் நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் கோடு கோடாக மஞ்சளாகும்.

இரும்புச்சத்து பயிருக்குள் எளிதில் இடம் மாறாது. அதனால் அது குறைந்தால் குருத்து வெளுக்கும். சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிட்டுவதில்லை. துத்தநாகம் குறைந்தால் இளம் இலையின் அடிப்பகுதியில், நடுநரம்பின் இருபுறமும் வெள்ளைப் பட்டை தெரியும். இளம்பயிர் ஊதா நிறமானால் மணிச்சத்துக் குறைவாக இருக்கலாம்.

தண்ணீர் தேங்கினாலும் மஞ்சள் வரும். வேருக்குக் காற்று கிடைக்காது. மண்ணிலுள்ள நைட்ரேட்டும் வாயுவாகிப் போய்விடும். அங்கே முதல் வேலை தண்ணீரை வடிப்பது.

இலையின் நலம் உணவின் தரத்தையும் தீர்மானிக்கிறது. இலையில் சேர்ந்த தழைச்சத்தில் பெரும்பங்கு பின்னர் மணிக்குப் போய்ப் புரதமாகிறது. பசுந்தட்டையிலுள்ள பீட்டா கரோட்டினை மாடு வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்கிறது. மணியின் மஞ்சளுக்குக் காரணமான லூட்டீனும் சியாசாந்தினும், தீவனம் தின்ற கோழியின் முட்டைக் கருவுக்கு நிறம் தருகின்றன.

அதற்காக யூரியாவை அள்ளி இறைக்கக் கூடாது. வறட்சியில் வாடும் பயிரின் தண்டில் நைட்ரேட் தேங்கி, தின்னும் மாட்டுக்கு நஞ்சாகலாம். தொழுஉரத்தை அடியுரமாக இட்டு, தழைச்சத்தை ஈரம் பார்த்துப் பிரித்துக் கொடுப்பதே நல்லது. இரும்புக் குறைவுக்கு இலைவழித் தெளிப்பு கைகொடுக்கும்.

மானாவாரிக் கரிசலுக்காக உழைக்கும் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. விதைப்புக்கு முன்பே மண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். மூட்டை வாங்குவதை அதற்குப் பிறகு முடிவுசெய்யுங்கள்.