அறுபதாம் நாளுக்குப் பிறகும் வலித்தால்?

ஆண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சையான வாசக்டமிக்கு ஆண்டுதோறும் நடக்கும் இருவார விழா டிசம்பர் 4உடன் முடிகிறது. ‘கத்தியின்றி, தையலின்றி’ என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வாசகர்கள் எழுதும் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: மாதக்கணக்கில் வலி நீடித்தால் யாரிடம் போவது?

கத்தி இல்லை என்பது உண்மைதான். 1974இல் சீனாவில் உருவான இந்த முறையில் தோலில் ஒரு சிறு துளை மட்டும் போடுகிறார்கள். ஆனால் உள்ளே விந்துக்குழாயை வெட்டி அடைப்பது மாறவில்லை. அடைத்த பிறகும் விரை விந்தணுவைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. பெரும்பகுதியை உடலே உறிஞ்சிவிடும். சிலருக்கு மட்டும் அழுத்தம் கூடி விரையின் பின்புறம் வீங்கும். வெட்டிய முனையில் விந்தணு கசிந்து முடிச்சு விழும். தழும்பில் நரம்பு சிக்கும்.

எத்தனை பேருக்கு? சிகிச்சை தேவைப்படும் அளவு நீடித்த வலி நூற்றில் ஒருவர், இருவருக்கு என்கிறது அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம். பல ஆய்வுகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று ஐந்து பேர் என்கிறது. விளம்பரங்களில் இரண்டு எண்ணுமே இல்லை.

சிக்கல் இனிமேல்தான். 2013 முதல் நடப்பில் உள்ள குடும்பநல இழப்பீட்டுத் திட்டம், பின்விளைவுகளுக்கான சிகிச்சைச் செலவை வீடு திரும்பிய நாளிலிருந்து 60 நாள் வரைதான் ஏற்கிறது. மருத்துவமோ, மூன்று மாதம் தாண்டிய வலியைத்தான் நீடித்த வலி என்கிறது. வலிக்கு மருத்துவர் பெயர் வைப்பதற்குள் அரசின் கெடு முடிந்துவிடுகிறது.

48 மணி நேரத்தில் வழக்கமான வேலைக்குப் போகலாம் என்பது அரசு வழிகாட்டுதல்; சைக்கிள் மிதிக்க ஒரு வாரம் ஆக வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. தேனி மாவட்டம் ராசிங்காபுரத்திலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏலத்தோட்டத்தில் மூட்டை தூக்குகிறவருக்கு எது வழக்கமான வேலை? அவரும் அந்த ஒரு வாரத்தைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும். கூலி போகுமே என்று இரண்டாம் நாளே மலையேறினால் ரத்தக்கட்டும் வீக்கமும் வரக்கூடும்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி மணமான தம்பதிகளில் பெண்ணுக்கான கருத்தடை அறுவை சிகிச்சையை நம்பியிருப்போர் 37.9 சதவீதம், ஆணுக்கானதை நம்பியிருப்போர் 0.3. நெருக்கடிநிலைக் காலக் கட்டாயக் கருத்தடை முகாம்களின் பயம் இன்னும் போகவில்லை. வலியைப் பற்றி முன்கூட்டியே பேசாமல் அந்தப் பயத்தைப் போக்க முடியாது.

மற்ற கேள்விகளுக்கும் சுருக்கமாக: ஆண்மை குறையுமா? குறையாது, ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது, விந்துக்குழாயில் அல்ல.

ஆணுறையை எப்போது விடலாம்? மூன்று மாதம் கழித்து, பரிசோதனையில் விந்தணு இல்லை என்று தெரிந்த பிறகு.

நீடித்த வலி தீருமா? மாத்திரை, இறுக்கமான உள்ளாடை, நரம்பு மரப்பு ஊசி என்று படிப்படியாகப் பார்ப்பார்கள். குழாயை மீண்டும் இணைப்பது கடைசியில்.

காய்ச்சல், சீழ், பெருகும் வீக்கம்? அன்றே ஆஸ்பத்திரி.

லேசான வலிதான் என்றாலும் 60 நாளுக்குள் அரசு மருத்துவமனையில் காட்டி, ஓ.பி. சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.