மருத்துவ ஆசிரியரும் நிரந்தரப் பதவியும்

வைத்தியராவதற்கு எத்தனை ஆண்டுகள் வேண்டுமென்று கேட்டால், பள்ளிச் சிறுவனும் ஓரளவு விடை கூறிவிடுவான். வைத்தியர்களை உருவாக்கும் ஆசிரியராவதற்கு எத்தனை ஆண்டுகள் வேண்டும் என்பதையோ எண்ணிப் பார்த்தோர் மிகச் சிலரே. பல்கலைக்கழக மருத்துவ பீடமொன்றில் விரிவுரையாளராக நியமனம் பெறுவது ஒன்று. அப்பதவியில் நிரந்தரமாக உறுதிப்படுத்தப்படுவது வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலமே மருத்துவ ஆசிரியர் ஒருவரின் உண்மையான பரீட்சைக் காலமாகும்.

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், கொக்குவிலைக் கடந்ததும் இணுவிலை அடைவர். செம்மண் தோட்டங்களுக்கும் தவில், நாதஸ்வர வித்துவான்களுக்கும் பேர்பெற்ற அவ்வூருக்கு மருத்துவமும் புதியதன்று. லீச் சகோதரிகள் என்று அறியப்பட்ட மிஷனரிமார் இருவரின் முயற்சியால், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரிய மக்லியொட் வைத்தியசாலை 1898இல் அங்கே நிறுவப்பட்டது. அதற்கும் அரை நூற்றாண்டு முன்னதாகவே, அயலூராகிய மானிப்பாயில் அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மாணாக்கரைச் சேர்த்து மேனாட்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கியிருந்தார். முதலில் ஆங்கிலத்திலும், 1860களில் தமிழிலும் கற்பித்த அவர், அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றுவித்தார். தமிழில் பாடநூல்கள் இல்லாத குறையை நீக்க ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களை வெளிக்கொணர்ந்தார். நோயாளியைப் பார்த்தல், மாணாக்கருக்குக் கற்பித்தல், புதிய அறிவை நூலாக்குதல் என்னும் மூன்று பணிகளையும் ஒருவரே சுமக்க வேண்டும் என்ற மரபு அந்நாளிலேயே குடாநாட்டில் வேரூன்றிவிட்டது.

இன்று அம்மரபு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் பொறுப்பில் உள்ளது. 1978இல் கைதடியிலுள்ள ஆயுர்வேத வைத்தியசாலையில் தற்காலிகமாகத் தொடங்கப்பெற்ற அப்பீடம், பின்னர் இணுவிலுக்கு அணித்தாயுள்ள கொக்குவில், திருநெல்வேலிப் பகுதியில் நிலைபெற்றது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையே அதன் மாணவர்கள் நோயாளியின் படுக்கையருகே நின்று பயிலும் களமாகும்.

இப்பீடத்தில் ஆசிரியராக விரும்பும் இளம் வைத்தியர் ஏறவேண்டிய படிகள் யாவை? இறுதிப் பரீட்சையில் சிறப்பாகச் சித்தியெய்தியவர் முதலில் தகுதிகாண் விரிவுரையாளராக நியமிக்கப்படுவார். தகுதிகாண் என்ற சொல்லே அப்பதவியின் இயல்பை உணர்த்தும். குறித்த ஆண்டுகளுக்குள் அவர் பட்டப்பின் தகைமை ஒன்றைப் பெற்றாக வேண்டும். சத்திரசிகிச்சை, மகப்பேறு, குழந்தை மருத்துவம் போன்ற துறையினர் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் எம்.டி. பட்டமோ அதற்கு நிகரானதோ பெற்று, வெளிநாட்டுப் பயிற்சியையும் முடித்து, நிபுணராக அங்கீகாரம் பெறுவர். உடற்கூற்றியல், உடற்றொழிலியல் போன்ற அடிப்படைத் துறையினர் பெரும்பாலும் ஆராய்ச்சிப் பட்டத்தை நாடுவர். இவற்றோடு, உயர்கல்வியில் கற்பிக்கும் முறை பற்றிய பயிற்சியும் வேண்டப்படுகிறது. இவை நிறைவேறிய பின்னரே பதவி உறுதியாகும். அதன்பின் சிரேஷ்ட விரிவுரையாளர், பேராசிரியர் என்ற படிகள் தொடர்கின்றன. அவற்றுக்குக் கற்பித்தல், ஆராய்ச்சி, அறிவைப் பரப்பலும் சமூகப் பணியும் என்ற மூன்று வகையிலும் ஆற்றிய பணி அளந்து பார்க்கப்படுகிறது.

இந்த ஏற்பாட்டைக் காணும் இளைஞர் பலர், பட்டத்தை எவ்வாறாயினும் முடித்துவிட்டு ஏனையவற்றை விண்ணப்பிக்கும் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று கருதுவதுண்டு. அங்கேதான் இடறுகின்றனர். பரீட்சைக்கு ஒரு மாதம் கண்விழித்துப் படித்துச் சித்தியடைதல் கூடும். ஐந்தாண்டு கற்பித்ததற்குரிய சான்றை ஒரு மாதத்தில் திரட்டுதல் கூடாது. தவில் பயிலும் சிறுவன் குருவின் அருகே அமர்ந்து நாடோறும் சாதகம் செய்கிறான். அரங்கேற்றத்தில் சபையோர் கேட்பது ஒரு மாலைக் கச்சேரியே. அதன் பின்னே இருப்பதோ பல்லாண்டுச் சாதகம். நிரந்தரப் பதவிக்கான விண்ணப்பமும் அத்தகைய அரங்கேற்றமே.

ஆகவே, முதல் நாளிலிருந்தே செய்யத்தக்கவை சில உண்டு. நடத்திய விரிவுரைகள், புதிதாக அமைத்த பாடங்கள், தயாரித்த வினாத்தாள்கள், மாணவர் கூறிய அபிப்பிராயங்கள் ஆகியவற்றைத் திகதியிட்டு ஒரு கோவையில் சேர்த்து வருதல் முதலாவது. மூத்த ஆசிரியர் ஒருவரைத் தம் விரிவுரைக்கு அழைத்து, குறைகளைக் கேட்டறிந்து திருத்திக்கொள்ளுதல் இரண்டாவது. ஆண்டுதோறும் தம் பணியைத் தாமே மதிப்பிட்டு, எவ்வகையில் பின்தங்கியிருக்கிறோம் என்பதைத் துறைத் தலைவரோடு கலந்தாலோசித்தல் மூன்றாவது.

ஆராய்ச்சிக்குப் பொருள் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கற்பாறையினூடே சேர்வது. தோட்டங்களுக்கு இடும் பசளையும் மலக்குழிக் கசிவும் அந்நீரில் நைத்திரேற்றை மிகுவிக்கின்றன. இது இணுவில் போன்ற தோட்டக் கிராமங்களின் கிணறுகளையும் குழந்தைகளின் நலத்தையும் நேரே தொடும் விடயம். வறண்ட இப்பிரதேசத்தில் சுருட்டை விரியன் தீண்டி வைத்தியசாலைக்கு வருவோர் பலர். இலங்கையில் வழங்கும் விஷமுறி மருந்தோ இந்தியப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டு தயாரிக்கப்படுவது. அது இங்குள்ள பாம்பின் விஷத்தை எவ்வளவு முறிக்கிறது என்ற கேள்வி உலக ஆய்வேடுகளிலும் இடம்பெறத்தக்கது. தன் ஊரின் நோயை ஆழ்ந்து நோக்குபவருக்கு ஆய்வுப் பொருளும் கிடைக்கும். ஊருக்குப் பயனும் விளையும்.

நந்தி என்ற புனைபெயரில் ‘மலைக்கொழுந்து’ நாவலை எழுதிய பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவத்தைக் கற்பித்த அவர், மாணவரின் கவனத்தை வைத்தியசாலைச் சுவர்களுக்கு வெளியே கிராமத்தின்பால் திருப்பினார். ஆய்வு செய்யும் முறையை விளக்கி மாணவருக்கு ஆங்கிலத்தில் நூல் எழுதினார்; பொதுமக்களுக்குத் தமிழில் சுகாதாரம் சொன்னார். எழுத்தும் வைத்தியமும் ஆசிரியமும் ஒன்றையொன்று வளர்க்கக்கூடும் என்பதற்கு அவரே சான்று.

இவ்வழியில் இடையூறுகளும் உள. நேரம் முதலாவது. காலையில் நோயாளர் விடுதி, பகலில் விரிவுரை, மாலையில் தனியார் வைத்தியசாலையின் வருமானம் என்று நாள் கழியுமாயின், ஆய்வுக்கு மிஞ்சுவது களைப்பே. வாரத்தில் அரை நாளையேனும் ஆய்வுக்கென ஒதுக்கி, அதைப் பிறர் கவராது காத்துக்கொள்பவரே முன்னேறுவர். இரண்டாவது, வெளிநாடு. கல்வி விடுமுறையில் செல்வோர் திரும்பிவந்து பணியாற்றுவதாகப் பிணை எழுதிக்கொடுக்கின்றனர். எனினும், பிணைப்பணத்தைச் செலுத்திவிட்டு அங்கேயே தங்கிவிட்டோரும் உளர். அவர்களைப் பழிப்பது எளிது. போர்க்காலத்தில் வாழ்ந்தவர் அறிவர், அம்முடிவு எல்லோர்க்கும் இலேசானதன்று.

அவ்வாறிருந்தும் திரும்பி வந்தோரை மறத்தல் தகாது. வைத்தியர் ராஜினி திரணகம இங்கிலாந்தின் லிவர்பூலில் உடற்கூற்றியலில் உயர்கல்வி பெற்றபின், போர் நடுவே யாழ்ப்பாணத்திற்கு மீண்டார். ஆசிரியர் தொகை அருகியிருந்த பீடத்தில் உடற்கூற்றியல் துறைக்குத் தலைமை தாங்கினார். எத்தரப்பினர் இழைத்த கொடுமையாயினும் அதனை எழுதி வெளிப்படுத்தினார். 1989 செப்டெம்பர் 21ஆந் திகதி, பீடத்திலிருந்து துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35.

நிரந்தரப் பதவி என்னும் ஏற்பாடு எதற்காக என்பதை இந்நிகழ்ச்சியோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் பேராசிரியர் சங்கமும் கல்லூரிகள் சங்கமும் 1940இல் இணைந்து வெளியிட்ட பிரகடனம், தகுதிகாண் காலம் ஏழாண்டுக்கு மேற்படலாகாது என்று வரையறுத்தது. ஆசிரியர் ஆராயவும் உரைக்கவும் அஞ்சாதிருத்தலே அதன் முதல் நோக்கம். வாழ்க்கைப் பாதுகாப்பு அதற்குத் துணையாவது. கிணற்று நீர் கெட்டுள்ளது என்றோ, வழங்கும் மருந்து போதாது என்றோ உண்மை கூறுபவர் மறுநாள் பதவியிழப்பாராயின், அவ்வூரில் உண்மை சொல்ல எவரும் எஞ்சார். சட்டம் பதவியைக் காக்கலாம். உயிரைக் காப்பது சமுதாயத்தின் கடன்.

நிரந்தரம் என்பது இளைப்பாறும் நாற்காலியன்று. பல்லாண்டு பரீட்சித்தபின், இவரிடம் மாணவரையும் நோயாளரையும் ஒப்படைக்கலாம் என்று பல்கலைக்கழகம் கொள்ளும் நம்பிக்கை அது. அந்நம்பிக்கைக்கு நாடோறும் தம்மை உரியவராக்கி வருபவருக்கு விண்ணப்பப் படிவத்தை நிரப்புதல் ஓர் இரவின் வேலை. அல்லாதாருக்கோ அதனை நிரப்ப ஓராண்டும் போதாது.