ஆட்டுக்குடலும் ஒரு கவிஞனின் நினைவும்

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 25ஆம் திகதி இரவு ஸ்கொட்லாந்திலும் ஸ்கொட்லாந்தியர் குடியேறிய நாடுகளிலும் ஒரு விருந்து நடக்கிறது. 'பேர்ன்ஸ் சப்பர்' என்று பெயர். றொபேர்ட் பேர்ன்ஸ் என்ற கவிஞர் பிறந்த நாள் அது. மேசையின் நடுவில் வைக்கப்படுவது 'ஹகிஸ்': ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல் மூன்றையும் கொத்தி, ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகு சேர்த்து, ஆட்டின் இரைப்பைக்குள் அடைத்து அவித்த ஒரு பெரிய உருண்டை. கிளாஸ்கோவில் இருக்கும் உறவினர் அனுப்பும் படத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. பாபத் கறிக்கும் குடல் குழம்புக்கும் வரிசையில் நிற்கும் நமக்கு அந்த உரிமை கிடையாது.

இரத்தோட்டையில் இருந்துகொண்டு இதை ஏன் எழுத வேண்டும்? இந்த மலைகளைக் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் வெட்டித் திறந்த துரைமாரில் ஸ்கொட்லாந்தியர் ஏராளம். 1852இல் இலங்கைக்கு வந்து, 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் அவர்களில் ஒருவர். தேயிலையைத் தன் பெயரில் உலகுக்கு விற்ற தோமஸ் லிப்டன் கிளாஸ்கோவில் பிறந்தவர். கிளாஸ்கோ, எடின்பரோ, பெல்மோரல், டன்சினன் என்று அவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களைத் தோட்டங்களுக்கு வைத்துவிட்டுப் போனார்கள். அவை இன்று லயன் அறைகளில் வாழும் தமிழரின் முகவரி. மன்னாரிலிருந்து காட்டு வழியே நடத்தி வரப்பட்டவர்கள், வழியில் இறந்தவர்கள் போக, மலைநாட்டுக்குள் நுழைந்த வாசல் மாத்தளை. 2023இல் மலையகம் 200ஐ முன்னிட்டு நடந்த நடைபயணம் தலைமன்னாரில் தொடங்கி மாத்தளையில் முடிந்ததும் அதனால்தான்.

அப்படியென்றால் இது துரைமாரின் விருந்துதானே என்று கேட்கலாம். என் முதல் எண்ணமும் அதுவே. ஆனால் பேர்ன்ஸ் துரை இல்லை. 1759இல் அலோவே என்ற கிராமத்தில் பிறந்த குத்தகை விவசாயியின் மகன். சிறு வயதிலேயே ஏர் பிடித்தவர். படித்தவர்கள் ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் எடுக்க முயன்ற காலத்தில், வயலில் வேலை செய்பவர்களின் ஸ்கொட்ஸ் மொழியில் எழுதினார். கிராமங்களில் வாய்வழியாகப் பாடப்பட்ட பாடல்களைத் தேடிச் சேகரித்தார். குடலில் அடைத்த ஏழை உணவைப் பெரிய விருந்துப் பண்டங்களுக்கு மேலே தூக்கிவைத்து ஒரு கவிதை எழுதினார். விருந்தில் ஹகிஸை வெட்டுவதற்கு முன் வாசிக்கப்படுவது அதுதான்.

அவரது வாழ்க்கையில் நமக்கு உறுத்தும் ஒரு பக்கமும் உண்டு. 1786இல் கடனும் குடும்பச் சிக்கலும் நெருக்க, ஜமெய்க்காவுக்குக் கப்பலேற ஆயத்தமானார். அங்கே அவருக்குக் காத்திருந்தது ஆபிரிக்க அடிமைகள் உழைத்த தோட்டமொன்றில் கணக்கு எழுதும் வேலை. நம் பேச்சில் சொன்னால், கணக்கப்பிள்ளை உத்தியோகம். அதே ஆண்டு ஜூலையில் கில்மார்னொக் நகரில் அச்சான அவரது முதல் நூலின் 612 பிரதிகளும் வேகமாக விற்றதால் பயணம் நின்றது. மனித சமத்துவத்தைப் பாடியவர் கங்காணியின் பக்கத்து நாற்காலியில் உட்காருவதற்கு ஒரு புத்தக விற்பனைதான் இடையில் இருந்தது. இதை மறைத்துவிட்டு அவரை நாம் கொண்டாட வேண்டியதில்லை.

அவர் 1796இல், 37 வயதில் இறந்தார். 1801இல் நண்பர்கள் ஒன்பது பேர் அவர் பிறந்த வீட்டிலேயே கூடி, ஹகிஸும் ஆட்டுத்தலையும் சாப்பிட்டு அவரை நினைவுகூர்ந்தார்கள். முதல் விருந்து இறந்த நாளையொட்டியே நடந்தது. பிறந்த நாளுக்கு அது பின்னர்தான் மாறியது. சின்ன நன்றி வார்த்தை, சூப், ஹகிஸ், கவிஞர் பற்றிய ஓர் உரை, பாட்டு, கடைசியில் எல்லோரும் கைகோர்த்துப் பாடும் பழைய நட்பின் பாடல். வீட்டில் நடத்த நான்கு பேர் போதும்.

சமையலுக்கு வருவோம். ஈரலையும் இதயத்தையும் உப்பிட்டு மெதுவாக அவித்து, ஆறியதும் பொடியாகக் கொத்த வேண்டும். நுரையீரல் கட்டாயமில்லை. அமெரிக்கா 1971 முதல் நுரையீரல் கலந்த உணவைத் தடைசெய்துவிட்டதால், அங்கே அது இல்லாமல்தான் செய்கிறார்கள். ஓட்ஸை வெறும் சட்டியில் வாசம் வர வறுத்து, வெங்காயம், ஆட்டுக்கொழுப்பு, அவித்த தண்ணீர் சேர்த்துப் பிசைய வேண்டும். வாசனைக்கு மிளகும் சாதிக்காயும். இவை இரண்டும் இரத்தோட்டை வீட்டுத் தோட்டங்களிலேயே காய்ப்பவை. ஸ்கொட்லாந்துக்காரருக்குக் கப்பலில் போகவேண்டிய பொருள் நமக்கு வேலியோரத்தில் கிடைக்கிறது.

இரைப்பையைக் கழுவி உப்புத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். அடைக்கும்போது இடம் விடுங்கள். ஓட்ஸ் ஊதும், நெருக்கி அடைத்தால் வெடிக்கும். ஊசியால் இரண்டு மூன்று இடத்தில் குத்தி, மூன்று மணிநேரம் சிறு தீயில் வேக வேண்டும். இரைப்பை கிடைக்காவிட்டால் வட்டிலப்பம் அவிப்பதுபோல் கிண்ணத்தில் போட்டு மூடி ஆவியில் வேகவைக்கலாம், சுவை பெரிதாகக் குறையாது. சைவக்காரருக்குப் பருப்பு, கௌபி, காளான். ஸ்கொட்லாந்துக் கடைகளிலேயே சைவ ஹகிஸ் விற்கிறது. கிளாஸ்கோவின் தெற்காசிய உணவகங்கள் ஹகிஸ் பக்கோடாவும் போடுகின்றன. தொட்டுக்கொள்ள மசித்த உருளைக்கிழங்கும் மசித்த டர்னிப்பும். விஸ்கியை நான் விட்டுவிடுவேன். சாராயம் லயன்களில் செய்ததை அறிந்தவர்களுக்குத் தேத்தண்ணீரே போதும்.

ஏழையின் சாப்பாடு நினைவின் சாப்பாடாவது நமக்குப் புதிதல்ல. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டு கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் போன குடும்பங்கள் பல. வன்னியில் குடியேறிய அவர்களில் பலர் 2009இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள். அரிசியும் உப்பும் தண்ணீரும் மட்டுமான அந்தக் கஞ்சி இன்று ஒவ்வொரு மே மாதமும் காய்ச்சப்படுகிறது. 2024 மே மாதம் சம்பூரில் அதைப் பகிர்ந்ததற்காகப் பெண்கள் உட்பட நால்வர் கைதானார்கள். பேர்ன்ஸின் நண்பர்கள் ஒன்பது பேரும் ஆட்டுத்தலையைச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக வீடு போனார்கள்.

மலையகத்திலும் நாட்டார் பாடல்களைச் சேகரித்த ஒரு கவிஞர் இருந்தார். மடக்கொம்பரைத் தோட்டத்தின் சி.வி. வேலுப்பிள்ளை, பிறந்தது 1914 செப்டெம்பர் 14. அந்த இரவுக்கு என்ன சமைக்கலாம் என்று வீட்டில் கேட்டேன். ரொட்டியும் கட்டைச் சம்பலும் என்கிறார் அம்மா. தம்பிக்கு பாபத் வேண்டுமாம்.