அம்மாவைக் கூட்டிட்டு வாங்க சார்!

உங்கள் ஆபீஸிலும் ஒருவர் இருப்பார். மார்ச் 31-ம் தேதி ராத்திரி மட்டும் பம்பரமாகச் சுழல்வார். மற்ற நாளெல்லாம் ஃபைல் திறந்தபடி கிடக்கும். ஆள் சேரில் இருப்பார், மனசு எங்கேயோ இருக்கும். வண்டிச் சாவியைத் தேடப்போய், கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டு அதைத் தேடுவார். மேனேஜர் அவருக்கு வைத்த பெயர் 'சோம்பேறி'. மனைவி வைத்த பெயரை அச்சில் போட முடியாது!

இவர்களில் சிலருக்கு (சிலருக்குத்தான்... எல்லோரும் லீவ் லெட்டர் எழுத வேண்டாம்!) இருப்பது சோம்பல் அல்ல, ஏ.டி.ஹெச்.டி. என்ற கவனக் குறைபாடு.

"அது துறுதுறு பசங்களுக்கு வர்றதாச்சே?"

வாஸ்தவம். ஆனால் பையன் வளர்ந்து வேலைக்குப் போனாலும் பலருக்கு அதுவும் கூடவே வரும். மேஜை மேல் ஏறிக் குதிப்பது நின்றிருக்கும். மண்டைக்குள் ஓட்டம் நிற்காது.

எனக்குத் தெரிந்த ஒருவர், அக்கவுண்ட்ஸில் இருக்கிறார். ஜி.எஸ்.டி. ரிட்டர்னைத் தொடர்ந்து லேட்டாகப் போட்டு, மூன்றாவது வேலையும் ஆட்டம் கண்ட பிறகுதான் மனநல டாக்டரிடம் போனார். ரத்தம் எடுப்பார்கள் என்று வெறும் வயிற்றோடு போனார், பாவம். இந்தக் குறைபாட்டைக் காட்டிக்கொடுக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பேச்சுதான்... மணிக்கணக்கில் பேச்சு.

"ஸ்கூல் ரிப்போர்ட் கார்டு இருக்கா? அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

முப்பத்திரண்டு வயசில் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்! ஆனால் காரணம் உண்டு. 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற மருத்துவக் கையேட்டின்படி, அறிகுறிகள் பல 12 வயசுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். கவனமின்மைக்கு 9, துறுதுறுப்புக்கு 9 என்று பட்டியல். பெரியவர்களுக்கு ஏதாவது ஒன்றில் 5-ஆவது தேற வேண்டும். அதுவும் ஆபீஸ், வீடு என்று இரண்டு இடத்திலாவது படுத்தியிருக்க வேண்டும். புது மேனேஜர் வந்த பிறகுதான் கவனம் போச்சு என்றால் அது வேறு கணக்கு! காமர்ஸ் பாஷையில், ஓப்பனிங் பாலன்ஸ் பார்க்காமல் கணக்கை முடிக்க முடியாது.

தூக்கக் கோளாறு, தைராய்டு, மனச்சோர்வு இவையும் இதே வேஷம் போடும். அதனால்தான் செல்போனில் பத்துக் கேள்விக்கு டிக் அடித்துவிட்டு 'எனக்கும் இருக்கு' என்று சொல்லிக்கொள்வது ஆபத்து.

அம்மா வந்தார். "டிபன் பாக்ஸை பஸ்லயே விட்டுட்டு வந்துடுவான் டாக்டர். மாசம் ஒண்ணு வாங்குவேன். திமிர்னு நினைச்சு கரண்டியைக் காய வெச்சு..." என்று ஆரம்பித்தவரால் முடிக்க முடியவில்லை. ரிப்போர்ட் கார்டுகளில் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, வேறு வேறு டீச்சர்களின் கையெழுத்தில் ஒரே வரி: 'புத்திசாலி. கவனம் போதாது.'

மாத்திரை உண்டு. பிரதானமானது மெத்தில்ஃபெனிடேட், அமெரிக்காவில் 1955-லேயே அனுமதி பெற்றது. அதைக் கண்டுபிடித்த விஞ்ஞானி, மனைவி ரீட்டாவின் பெயரால் 'ரிட்டாலின்' என்று பெயர் வைத்தார். (நாம் புடவையோடு நிறுத்திக்கொள்கிறோம்!) இந்தியாவில் இது 1985-ம் வருட போதைப் பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. நண்பனிடம் ஒன்று கடன் கேட்கவும் கூடாது. பசி குறையும், தூக்கம் கெடலாம், நாடித் துடிப்பு கூடலாம். ஆகவே முதலில் ரத்த அழுத்தம், இதயம் பற்றி விசாரிப்பார்கள். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அட்டோமாக்ஸெட்டின் இருக்கிறது. முழுப் பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும்.

மாத்திரை கவனத்தைக் கொடுக்கும், எதில் வைப்பது என்று சொல்லாது. அதற்குத் தனியாக ஆலோசனை, பழக்கம். நம்மவர் வாசலில் ஆணியடித்துச் சாவியை மாட்டுகிறார். பெரிய வேலையை இருபது நிமிஷத் துண்டுகளாக வெட்டுகிறார்.

செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு: அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416-க்குப் போன் போட்டால் தமிழிலேயே, காசில்லாமல் பேசலாம்.

ஆபீஸில் அவர் இன்னும் சொல்லவில்லை. 'மாத்திரை கேஸ்' என்பார்களோ என்ற தயக்கம். போன மாச ரிட்டர்னுக்குக் கடைசித் தேதி 20. பதினெட்டாம் தேதியே போட்டுவிட்டார்.